தெரியாத சொல்லுக்குத் தலையாட்டினேன்

கண்ணு,

வருகிற வியாழக்கிழமை நீ மலையிறங்கிப் போகிறாய். நாமக்கல்லில் பத்திரம் எழுதுகிறவர் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "பையனை அனுப்பி வையுங்க, எழுத்து வேலை பழகட்டும்" என்று சொல்லியனுப்பிய நாளிலிருந்து உன் அம்மா ஓர் இடத்தில் உட்காரவில்லை. சாமை இடிக்கிறாள், தேன் வடிகட்டுகிறாள், பெட்ரோல் கிடைக்காத இந்தச் சண்டைக் காலத்தில் கரியைப் போட்டு ஓட்டுகிற பஸ் சேந்தமங்கலத்துக்கு எப்போது வருமோ என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்கிறாள். எனக்கு ஒரே ஒரு வேலைதான் பாக்கி. உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். போன வாரம் கேழ்வரகுக் காட்டில் நாம் களையெடுத்தபோது இரண்டு முறை சொல்ல நிமிர்ந்தேன். இரண்டு முறையும், "என்னங்கப்பா?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்ல கண்ணு, வெயிலு" என்று குனிந்துகொண்டேன். நேரில் வராதது எழுத்திலாவது வருகிறதா பார்ப்போம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். இதை உன் பெட்டியில் வேட்டிக்கு அடியில் வைப்பேன். பஸ் கிளம்பிய பிறகு படி.

நம் ஊரில் என்னைப் படித்தவர் என்கிறார்கள். அந்தப் பெயர் எவ்வளவு சின்னப் படிப்புக்குக் கிடைத்தது என்று உனக்குத் தெரியாது. அடிவாரத்தில் என் அத்தை வீட்டில் தங்கி நாலாம் வகுப்பு வரை படித்தேன். அவ்வளவுதான். ஆனால் அப்போது இந்தப் பக்கத்து ஊர்களில் அதுகூட வேறு யாருக்கும் இல்லை. நிலவரி ரசீது என்றாலும், தாலுகா கச்சேரியிலிருந்து வந்த காகிதம் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். நான் வாங்கி, உடனே படிக்காமல், கொஞ்ச நேரம் பேசாமல் பார்ப்பேன். சுற்றி நிற்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம். காசுக்கு ஆசைப்பட்டேன் என்று சொன்னால்கூட இவ்வளவு வெட்கமாக இருக்காது.

உன் அம்மாவுக்குப் பெரியப்பா ஒருவர் இருந்தார், சடையன் என்று பெயர். உனக்குப் பெரிய அப்புச்சி, உனக்கும் லேசாக நினைவிருக்கும். ஊரை விட்டுத் தள்ளி, ஓடைக்கு மேலே தனியாக வீடு. ஓடைக்கரையில் ஒரு வயல், அதற்கு மேல் சரிவில் பதினொரு பலா மரம், நடுவில் வாழை. மனைவி இறந்து வெகுநாள் ஆயிற்று. ஒரே மகன் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன், இரண்டு வருஷம் கடிதம் போட்டான், பிறகு இல்லை. தம்பி, அதாவது உன் அம்மாவைப் பெற்ற அப்புச்சி, அவருக்கு முந்தியே போய்விட்டார். உன் மாமன்மார் அப்போது சின்னப் பிள்ளைகள். பெரிய அப்புச்சிக்கு வலது முழங்கால் வீங்கி மடங்காமல் போயிருந்தது. பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்க முடியாது. இறங்கினால் ஏற முடியாது. நானும் உன் அம்மாவும் அவர் வீட்டுக்கு எப்போதெல்லாம் போனோம் என்று எண்ணிப் பார்க்கிறேன். பலா பழுக்கும்போது போனோம். நோன்பு நாளில் போனோம். மற்ற நாளில், அவருக்கென்ன, நிலம் இருக்கிறது, திடமான மனுஷர் என்று சொல்லிக்கொண்டோம். ஊரே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

வாரம் தவறாமல் அங்கே போன ஆள் ஒருவர் உண்டு. அடிவாரத்து வியாபாரி. பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் நல்லபடியாக இருக்கிறார்கள். பொதிமாட்டோடு வந்து பெரிய அப்புச்சியின் வாழைத்தாரையும் பலாவையும் வீட்டு வாசலிலேயே வாங்கிக்கொள்வார். வரும்போது உப்பு, புகையிலை, முழங்காலுக்குத் தேய்க்க எண்ணெய். ஒரு பனிக்காலத்தில் நல்ல கம்பளி ஒன்று கொண்டுவந்து போர்த்திவிட்டார். எல்லாவற்றையும்விட, உட்கார்ந்து பேச்சுக் கேட்பார். கரடி மிரட்டின கதையைப் பத்தாம் முறை சொன்னாலும் முதல் தடவை போலக் கேட்பார். "எம் மவன்கூட இப்புடிப் பாக்கலெ சாமி" என்று பெரிய அப்புச்சி என்னிடம் சொன்னபோது, நல்ல மனுஷர்தான் போலிருக்கிறது என்று நானும் நினைத்தேன். நாம் போக வேண்டிய கவலை விட்டது என்றும் நினைத்தேன்.

நீ பிறந்த வருஷம் மாசி மாதக் கடைசியில் அந்த வியாபாரி என்னைத் தேடி வந்தார். "தம்பி, பெரியவரோட பலாவையும் வாழையையும் மூணு வருசத்துக்குக் குத்தகைக்கு எடுக்கறேன். வாய்ப்பேச்சா இருந்தா நாளைக்கு அவருக்குத்தான் நட்டம். எழுதியே கொண்டாந்திருக்கேன். நீங்க படிச்சுக் காட்டுனாத்தான் அவரு நம்புவாரு" என்றார். போனேன். ராஜா தலை போட்ட முத்திரைத்தாள். அதுவரை நான் அதைத் தொட்டதுகூட இல்லை. எழுத்துகள் இடைவெளி விடாமல் ஓடின. பெயர், ஊர், ஓடை, நாலு பக்கத்து எல்லை எல்லாம் படித்தேன். பலா மரம் பதினொன்று என்றிருந்ததை உரக்கப் படித்தேன். பிறகு 'சுத்தக் கிரயம்' என்று ஒரு சொல் வந்தது. கிரயம் என்றால் விலை என்று தெரியும். பழத்துக்கு நியாயமான விலை என்று எழுதியிருக்கிறார்கள் போல என்று எண்ணிக்கொண்டேன். அதற்கடுத்து 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' என்று ஒரு நீள வரி. அங்கே என் நாக்கு நின்றுவிட்டது. வியாபாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். "அது எல்லாப் பத்திரத்துலயும் போடறதுதானுங்க தம்பி. உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

எனக்குத் தெரியாது. ஆனால் பெரிய அப்புச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினேன். "ஆமாங்க மாமா, எல்லாத்துலயும் போடறதுதான்" என்றேன். அதற்குக் கீழே இருந்த வரிகளைப் படிக்கவேயில்லை. "அப்பச் சரி, நீ சொன்னாப் போதும் சாமி" என்று அவர் பெருவிரலை நீட்டினார். வியாபாரி மை தடவி உருட்டி எடுத்தார். சாட்சி என்று நான் என் பெயரை எழுதினேன். நல்ல தாளில் நல்ல மையில் எழுதக் கிடைத்ததே என்று, கடைசி எழுத்துக்கு ஒரு சுழிகூடச் சேர்த்தேன்.

சித்திரை மாதம் உன் அம்மா ஓடைப்பக்கம் கீரை பறிக்கப் போய்விட்டு வந்தாள். நீ அப்போது வயிற்றில் நாலு மாதம். கூடையை இறக்காமலே கேட்டாள்: "ஏனுங்க, பழத்தைக் குத்தகைக்கு எடுத்தவங்க அடிமரத்துல எதுக்குங்க கோடாலியால குறி போடறாங்க?"

"என்ன குறி?"

"ஏழு பலாவுல பட்டையைச் சீவிக் கரியில எண்ணுப் போட்டிருக்குது. பழம் பறிக்கறவன் அடிமரத்தத் தொடுவானுங்களா?"

தொடமாட்டான். மரத்தை அறுக்கப்போகிறவன்தான் தொடுவான். மறுநாள் விடியற்காலையில் சேந்தமங்கலம் இறங்கினேன். ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே புளியமரத்தடியில் பத்திரம் எழுதுகிற வயதானவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். யாருக்கோ கேட்பதுபோல, சுத்தக் கிரயம் என்றால் என்னவென்று கேட்டேன். "நெலம் கை மாறிப் போச்சுன்னு அர்த்தம். மகன், பேரன் தலைமுறைக்கும் வாங்குனவனுக்கே" என்றார். என் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும், அவரே மேலும் சொன்னார்: "எழுதிக் கொடுத்தவரு நாலு மாசத்துக்குள்ள இந்த ஆபீசுக்கு வந்து, அதிகாரி கேக்கறப்ப ஆமான்னு சொல்லணும். சொன்னாத்தான் பதிவு ஆகும். இல்லேன்னா இல்லை. ஆரோட நெலமுங்க?" தெரிந்தவர்களுடையது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

பதிவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்ற நிம்மதியில் அன்றே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆறு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சாட்சிக் கையெழுத்து என்னுடையது. பொய் சாட்சி என்று ஜெயிலில் போடுவார்களோ என்று பயம். அதைவிடப் பெரிய பயம், இவனுக்குப் படிக்கத் தெரியாது என்று ஊர் சொல்லிவிடுமோ என்பது. சோறு இறங்கவில்லை. ஏழாம் நாள் உன் அம்மா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டாள். அழவில்லை, திட்டவில்லை. "நீங்க ஜெயிலுக்குப் போனா நான் சோறு கொண்டாந்து குடுத்துக்குவனுங்க. எங்க பெரியப்பன் ஊடு வாசல் இல்லாம நின்னா, அதுக்கு நான் என்னத்தக் கொண்டுபோயிக் குடுக்கறது?" என்று மட்டும் கேட்டாள்.

பெரிய அப்புச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை. கோபத்தில் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அவன் போன வாரங்கூட வந்துட்டுப் போனான். நீ எப்ப வந்தே?" என்று கேட்டார். அடுத்த மாதம் தன்னை டோலியில் வைத்து இறக்கி, முழங்காலுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கித் தருவதாக வியாபாரி சொல்லியிருக்கிறாராம். போகிற வழியில் ஓர் ஆபீசில் 'ஆமாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். நாளைக்கூடக் குறித்துக் கொடுத்திருந்தார். "என்றெ காலு சரியாவறது உங்களுக்குப் பொறுக்கல" என்று என்னை அனுப்பிவிட்டார்.

வேறு வழியில்லாமல் ஊர்க்கவுண்டரிடம் போனேன். அவர் ஊரைக் கூட்டினார். எல்லோர் முன்பும் எழுந்து நின்று, எனக்கு அந்த வரி புரியவில்லை, புரிந்ததுபோலத் தலையாட்டினேன், சாட்சியும் போட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போது தரையைத்தான் பார்த்தேன். காறித் துப்புவார்கள் என்று காத்திருந்தேன். பின்னால் இருந்து ராமாயி, புருஷன் இல்லாமல் தனியாக இருந்தவள், எழுந்தாள். "எங்கிட்டயும் வெரலு உருட்டிக்கிட்டுப் போயிருக்கறாருங்க. எதுக்குன்னு கேக்க வெக்கமாப் போச்சு. நாந்தான் முட்டாளுன்னு நெனச்சு ஆருக்கும் சொல்லல" என்றாள். அவளைப் பார்த்து இன்னொரு பெரியவர் எழுந்தார். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் நடந்தது என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், என்னைப் போலவே.

என்ன செய்வது என்று பேச்சு வந்தது. வியாபாரியை மலையேற விடாமல் அடிக்கலாம் என்றார்கள் இளவட்டங்கள். பெரிய அப்புச்சியை வீட்டில் அடைத்து வைக்கலாம் என்றார் ஒருவர். ஊர்க்கவுண்டர் தலையசைத்தார். "அவரு கொழந்தையா அடைச்சு வெக்கறதுக்கு? சடையன் போவணும்னு ஆசப்படறாரு, போவட்டும். ஆனா தனியா எதுக்குப் போவணும்? அவரு பெத்த புள்ள இல்லீன்னா, நாம அல்லாரும் இல்லியா? டோலிய நாமளே தூக்குவோம்" என்றார். ராமாயியும் அவளுக்குப் பின் எழுந்தவரும் அதே நாளில் கூட வருவதென்று முடிவாயிற்று.

குறித்த நாளில் வியாபாரி டோலியும் இரண்டு கூலி ஆட்களும் அனுப்பியிருந்தார். அவர்களுக்குக் களி கொடுத்து உட்கார வைத்துவிட்டு, நாங்களே தூக்கினோம். நாலு நாலு பேராக மாற்றி மாற்றித் தூக்கி அடிவாரம் இறங்கி, சேந்தமங்கலம் போய்ச் சேர்ந்தபோது நாங்கள் பதினான்கு பேர். பெரிய அப்புச்சி வழியெல்லாம் எங்களோடு பேசவில்லை. ஆபீஸ் வாசலில் காத்திருந்த வியாபாரி டோலியைப் பார்த்துச் சிரித்தபடி வந்தார், பின்னால் வருகிற எங்களைப் பார்த்ததும் நின்றார். "எதுக்குங்க இத்தனை பேரு?" என்றார். "கால் வலிக்காரர் பாருங்க, தாங்கிப் பிடிக்க வேணுமே" என்றார் ஊர்க்கவுண்டர்.

உள்ளே அதிகாரி பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பெரிய அப்புச்சியிடம் கேட்டார்: "பெரியவரே, இது உங்க கைநாட்டா? உங்க வயல், பதினொரு பலா, வீடு எல்லாத்தையும் இவருக்குச் சுத்தக் கிரயமா வித்துட்டதா எழுதியிருக்கு. நிலத்தையே வித்தாச்சுன்னு அர்த்தம். தெரிஞ்சுதான் வெச்சீங்களா?" பெரிய அப்புச்சி திரும்பி வியாபாரியைப் பார்த்தார். வியாபாரி ஜன்னல் பக்கம் பார்த்தார். அப்போதுதான் நான் முன்னால் வந்து, "எசமானுங்க, படிச்சுக் காட்டுனது நானுங்க. எனக்கு அந்த வரி தெரியலீங்க. தெரியாமயே தெரியும்னு சொல்லிட்டேனுங்க. அவரு மேல தப்பில்லீங்க" என்றேன். அதிகாரி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "எத்தனாவது வரைக்கும் படிச்சே?" என்றார். "நாலாவதுங்க." அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பவும் பெரிய அப்புச்சியிடம், "ஐந்நூறு ரூபாய் ரொக்கமா வாங்கிக்கிட்டதா இதுல இருக்கே, வாங்கினீங்களா?" என்றார்.

பெரிய அப்புச்சி கம்பளி நுனியை விரலால் நெருடினார். பிறகு சொன்னார்: "கம்பளி ஒண்ணு குடுத்தாருங்க சாமி. உப்பு குடுத்தாரு. ரூவா ஒண்ணும் குடுக்கலீங்க. நான் நெலத்த விக்கலீங்க. பழம் பறிச்சுக்கத்தான் சொன்னனுங்க." சொல்லிவிட்டு, தோளில் கிடந்த கம்பளியை எடுத்தார். மடித்தார். ஒவ்வொரு மடிப்பாக நீவி மடித்து, வியாபாரி கையில் கொடுத்தார். "வாரவாரம் வந்தியே சாமி" என்றார். திட்டு ஒன்றும் இல்லை. அவ்வளவுதான் சொன்னார். அதிகாரி பதிவு செய்ய மறுத்துவிட்டதாகப் பத்திரத்தின் பின்னால் எழுதிக் கையெழுத்திட்டார். ராமாயியின் காகிதத்தையும் மற்றவருடையதையும் வியாபாரி ஆபீசுக்கு உள்ளேயே கொண்டுவரவில்லை. அன்று சாயங்காலமே ஆள் மூலம் ஊர்க்கவுண்டரிடம் திருப்பிக் கொடுத்தனுப்பினார். என்னை யாரும் ஜெயிலில் போடவில்லை.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். மருந்து என்று சொல்லி அவரைக் கூட்டி வந்தாயிற்று, மருந்து வாங்காமல் போகக் கூடாது என்று உன் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். டாக்டர் முழங்காலை அழுத்திப் பார்த்து ஒரு புட்டியில் தைலமும் கட்டுவதற்குத் துணியும் கொடுத்தார். முன்பு போல் ஆகாது, வலி குறையும் என்றார். மலையேறும்போது பாதி வழியில் மஞ்சு மூட்டம் இறங்கியது. பெரிய அப்புச்சி வெறும் தோளோடு நடுங்கினார். டோலியை இறக்கி, ஆளுக்கொரு துண்டாக மேலே போட்டோம். அப்போதுதான் அவர் அழுதார். "நெலம் இருக்குது, சரி. இனி என்றெ ஊட்டுக்கு ஆருடா வருவாங்க?" என்று கேட்டார். முன்னால் டோலியின் காவுக்கட்டையைப் பிடித்திருந்த ஒருவர், அவருக்குச் சொந்தம்கூட இல்லை, திரும்பிப் பார்க்காமலே, "நாளைக்கு நான் வாரேனுங்க" என்றார். பின்னாலிருந்து இன்னொருவர், "நாளான்னிக்கு நானு" என்றார். ராமாயி, "நான் வெசாழக்கெழம வாரேன், எனக்குக் கரடிக் கதை சொல்லோணும்" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்த மஞ்சுக்குள் பதினான்கு பேர் சிரித்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு லேசாகிறது.

சொன்னபடி போனார்கள். சந்தைக்கு இறங்குகிற வீட்டுக்காரர் யாரோ அவர் வாழைத்தாரையும் சேர்த்து எடுத்துப் போய், விற்ற காசை இன்னொரு வீட்டுக்காரர் முன்னிலையில் அவர் கையில் கொடுப்பது வழக்கமாயிற்று. வயதானவர் யார் பெருவிரல் வைத்தாலும் மூன்று வீட்டு ஆள் கூட இருக்க வேண்டும், ஒரு சொல் புரியாவிட்டாலும் விரலை நீட்டக் கூடாது என்று ஊர் பேசி முடித்தது. கீழே குண்டனி நாட்டு ஊர்களிலிருந்துகூட ஆட்கள் வந்து அதைக் கேட்டுப் போனார்கள். பெரிய அப்புச்சி என்னோடு மட்டும் மூன்று மாதம் பேசவில்லை. நீ பிறந்த அன்று தடியூன்றி நம் வீடு வரை நடந்து வந்தார். உன்னை மடியில் வாங்கிக்கொண்டு, "இவனையாச்சும் நல்லாப் படிக்க வையி" என்றார். அதற்குப் பிறகு ஏழு வருஷம் இருந்தார். சிலோனிலிருந்து மகன் வரவேயில்லை. இன்று உன் மாமன்மார் உழுகிற ஓடைக்கரை வயல் அதுதான்.

இனி உன் முன்னால் பெருவிரல் நீட்டுகிறவர்கள் வருவார்கள். அவர்கள் காகிதத்தைப் பார்க்கமாட்டார்கள் கண்ணு, உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். படித்து முடித்ததும் புரிந்ததா என்று கேட்காதே. புரியாவிட்டாலும் ஆமாங்க என்பார்கள். என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல். கூட்டி வந்தவர் அவசரப்படுத்தினால், நீ தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டு மெதுவாக வா. தனியாக வந்த பெரியவரை, ஊரிலிருந்து இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு நாளைக்கு வரச் சொல். அதனால் உன் முதலாளி கோபித்தால் கோபிக்கட்டும். உனக்கே ஒரு சொல் தெரியாவிட்டால், அத்தனை பேர் முன்னாலும் தெரியாது என்று சொல். எனக்கு அதைச் சொல்ல ஓர் ஊரே தேவைப்பட்டது.

இத்தனை வருஷத்தில் உன்னிடம் யாரும் இதைச் சொல்லவில்லை என்பதை யோசித்துப் பார். அந்தப் பதினான்கு பேரில் ஒன்பது பேர் இன்னும் இருக்கிறார்கள். நீ அவர்கள் வீட்டிலெல்லாம் தின்று வளர்ந்தவன். உன் அப்பன் போட்ட சாட்சிக் கையெழுத்தைப் பற்றி ஒருவர்கூட உன் காதில் போடவில்லை. பெரிய அப்புச்சியைக் காத்த ஊர் என்னையும் சேர்த்தே காத்திருக்கிறது என்று எனக்கே வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. நேற்று இதுவரை எழுதி முடித்ததும் நான் ராமாயி வீட்டுக்குப் போய், "பையனுக்கு அல்லாத்தையும் எழுதிட்டேனுங்க, இனி நீங்க சொல்லிக்கலாம்" என்றேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "அப்பாடா! இத்தன வருசமா அடக்கி அடக்கி எனக்கு வவுறே வீங்கிப் போச்சு. பொங்கலுக்கு அவன் வரட்டும், நீ எழுதாம உட்டதையும் சேத்துச் சொல்றேன்" என்றாள்.

பொங்கலுக்கு வந்துவிடு.

உன் அப்பா